சோக்கை விட்டால் வண்டி அணைகிறதே?

கேள்வி: ஒரு வருடம் ஓட்டாமல் நின்ற பழைய பைக். சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோல் கலவையைக் கூட்டும் லிவர்) இழுத்தால்தான் இன்ஜின் ஓடுகிறது, விட்டதும் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரைக் கழட்டாமல் கிளீனர் ஸ்ப்ரே அடித்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட் என்ற துளையுள்ள சிறு பாகம் அடைத்திருக்கும். ஐட்லிங்குக்கு, அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடுவதற்கு, பெட்ரோல் தருவது அதுதான். துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் முதலில் அங்கேதான் படியும். வெளியிலிருந்து அடிக்கும் ஸ்ப்ரே அந்தத் துளைவரை போகாது. கழட்டித்தான் ஆக வேண்டும்.

முதலில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐட்லிங்கில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் திருகு) மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் ஊசிமுனை சிதைந்து, பிறகு எந்தச் செட்டிங்கும் நிற்காது. பிறகு ஸ்க்ரூவைக் கழட்டும்போது அதன் ஸ்ப்ரிங், வாஷர், குட்டி ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மூன்றும் பத்திரம். பெரும்பாலும் ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) இருந்தால் அதையும் எல்லா ரப்பர் பாகங்களையும் கழட்டிய பிறகே கிளீனரில் ஊறவையுங்கள். இல்லையென்றால் ஊதிப் பெருத்துவிடும். ஜெட் பித்தளை. இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி வண்டி பெட்ரோல் குடிக்கும். மின்வயரில் உள்ள ஒற்றைச் செம்பு இழை போதும். வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பாடியில் உள்ள பாதைகளையும் காற்றழுத்தத்தால் ஊதுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது.

கார்புரேட்டருக்குள் வரும் பெட்ரோலை அளவோடு நிறுத்தும் ஃப்ளோட் வால்வின் முனையில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையேல் பெட்ரோல் வழியும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முன்பு குறித்த சுற்றுக்கே வைத்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கைச் சரிசெய்யுங்கள்.