வாசகர் கேள்வி-பதில்: வெங்காயம் உரிக்க வாருங்கள்

கேள்வி: மதுரையிலிருந்து பினாங்குக்குத் தொண்டூழியராக வந்து இரண்டு மாதங்களாகின்றன. தமிழர் வாழும் ஊரிலும் நெருக்கமானவர் எவரும் அமையவில்லையே, ஏன்?

பதில்: அறிமுகக் கூட்டங்களில் நட்பைத் தேடுவதை விட்டுவிட்டு, தைப்பூசத்திற்கு முந்தைய இரவு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் சாலையோரத்தில், பக்தர்களுக்கு உணவும் பானமும் வழங்கும் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் வெங்காயம் உரிக்க உட்காருங்கள், பெயரைக் கேட்கும் முன்பே கத்தியை நீட்டுவார்கள். 1894ஆம் ஆண்டைச் சேர்ந்த முருகனின் வெள்ளி இரதம் செல்லும் வழியில் தமிழரும் சீனரும் குவியல் குவியலாக உடைக்கும் தேங்காய்களைச் சேர்ந்து குனிந்து அள்ளும்போது, "எந்த ஊர் தம்பி?" என்ற கேள்வி தானாகவே எழும். (முதுகு வலிக்கும், அதை மறைப்பானேன்?) தைப்பூசம் வரை காத்திருக்கவும் வேண்டாம். கோயில் அன்னதானக் கூடத்தில் பாத்திரம் கழுவ முன்வருபவரை எவரும் திருப்பியனுப்புவதில்லை. ஒருநாள் சென்றதோடு நிறுத்தாமல், வாரந்தோறும் அதே நாளில் செல்லுங்கள்.