பழைய டிவியை ரிப்பேர் செய்யும் மெக்கானிக் சொல்வதை எப்படி நம்புவது?

வீட்டிலுள்ள கறுப்பு வெள்ளை சாலிடேர் டிவியில் படம் வராமல், நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு தெரிகிறது. மெக்கானிக் "கண்டென்சர்தான், டியூப் நல்லா இருக்கு" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டியூப் நன்றாக இருக்கிறது என்பதைத் தாராளமாக நம்பலாம். கோடு தெரிகிறது என்றாலே பிக்சர் டியூபும், அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும் பகுதியும் வேலை செய்கின்றன. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிகல் பகுதிதான் நின்றுவிட்டது. காய்ந்துபோன கண்டென்சர் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சிறு பாகம்), விட்டுப்போன சால்டரிங், டிரான்சிஸ்டர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், அதனால் கண்டென்சர்தானா என்பதை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

நானும் இதே தொழில்தான். சந்தேகப்படுகிறவரிடம் கோபப்படுவதில் நியாயமே இல்லை. உள்ளே நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாதே! கழற்றிய கண்டென்சரை அவர் எதிரிலேயே மீட்டரில் வைப்பேன். மேலே அதன் கொள்ளளவு 100 மைக்ரோஃபாரட் என்று அச்சாகியிருக்கும், மீட்டர் 20 காட்டும். அப்புறம் பேச்சே இருக்காது. நீங்களும் அப்படிக் காட்டச் சொல்லுங்கள், பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை டிவியைப் போடாதீர்கள், அந்தக் கோடு திரையில் நிரந்தரத் தழும்பாகிவிடும். பின்மூடியையும் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். ரிப்பேரான பிறகு, டிவியில் ஆன்டெனா சொருகும் இடம் மட்டுமே இருந்தால், செட்டாப் பாக்ஸை இணைக்க ஆர்.எஃப். மாடுலேட்டர் (பாக்ஸிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் ஆன்டெனா சிக்னலாக மாற்றும் கருவி) தேவை.