டவர் பக்கத்தில்தான், படம் மட்டும் உடைகிறது

கேள்வி: நகரத்தின் ஒளிபரப்பு கோபுரம் எங்கள் வீட்டிலிருந்து 600 மீட்டர்தான். மொட்டை மாடியில் ஆன்டெனா, பூஸ்டர் எல்லாம் உண்டு. ஆனாலும் டிவியில் சில சேனல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. எஃப்எம் ரேடியோவில் ஒரே நிலையம் மூன்று இடத்தில் கேட்கிறது. 15 கி.மீ. தள்ளி இருக்கும் அக்கா வீட்டில் சாதாரண ஆன்டெனாவிலேயே படம் பளிச்சென்று வருகிறது. சில நாள் நள்ளிரவுக்கு மேல் எங்களுக்கும் சரியாக வருவதுதான் வேடிக்கை. இன்னும் பெரிய பூஸ்டர் வாங்கலாமா? இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பது உடம்புக்குக் கெடுதலா?

பதில்: வாங்க வேண்டாம். இருக்கிற பூஸ்டரையும் கழற்றிவிடுங்கள். காரணம் கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது.

டிவி, எஃப்எம் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஆன்டெனா 250 மீட்டர் உயரத்தில் இருந்தால் சமதரையில் சுமார் 65 கி.மீ. வரை எட்டும். அந்தத் தூரத்தை இரண்டு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதால், உயரத்துக்கும் ஓர் அளவு உண்டு. எனவே பொறியாளர்கள் வேறொன்றையும் செய்கிறார்கள். உச்சியில் ஆன்டெனாத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வானத்துக்கும் காலடிக்கும் போய் வீணாகும் சக்தியைத் தொடுவானப் பக்கம் குவிக்கிறார்கள். குவிந்த கற்றையை ஒரு டிகிரி அளவுக்குக் கீழே சாய்ப்பதும் வழக்கம். 250 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு டிகிரி சாய்வாக இறங்கும் கற்றையின் நடுப்பகுதி எங்கே தரையைத் தொடும் தெரியுமா? சுமார் 14 கி.மீ. தூரத்தில். உங்கள் அக்கா வீட்டுப் பக்கம்.

அதே உச்சியிலிருந்து உங்கள் மாடியைப் பார்க்க 22 டிகிரிக்கு மேல் குனிய வேண்டும். அங்கே வருவது கற்றையின் ஓரத்துச் சிதறல்கள்தான். ஒரு கோணத்தில் அவை பலமாக இருக்கும், அடுத்த கோணத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. சக்தி விழாத அந்தப் பள்ளங்களை ஓரளவு நிரப்பும்படிதான் ஆன்டெனாவை வடிவமைப்பார்கள், ஆனாலும் முழுக்கத் தீராது. பள்ளம் விழும் கோணம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். எல்லாச் சேனலும் போகாமல் சில மட்டும் உடைவது அதனால்தான். போதாக்குறைக்கு, முழுக் கற்றையும் படும் தூரத்து உயரக் கட்டடம் ஏதாவது அதே அலையை உங்கள் பக்கம் எதிரடிக்கும். நேராக வருவது மெலிந்த இடத்தில் இந்த எதிரடி அதற்குச் சமமாகப் போட்டியிடும். பழைய அனலாக் டிவியில் இது இரட்டை உருவமாகத் தெரியும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை ஒன்றும் தெரியாது, தாண்டியதும் படம் உடையும்.

எதிரடி சின்ன விஷயமல்ல; நகரங்கள் இதற்காகவே புதுக் கோபுரம் கட்டியிருக்கின்றன. டொரொன்டோவில் 1976-ல் திறந்த 553 மீட்டர் சிஎன் டவருக்கு ஒரு முக்கியக் காரணம், நகர மையத்தில் எழும்பிய அடுக்குமாடிகள் பழைய குட்டைக் கோபுரங்களின் அலைகளை மறித்ததும் சிதறடித்ததும்தான். டோக்கியோவிலும் 1958-ல் கட்டிய 333 மீட்டர் கோபுரத்தைச் சுற்றிக் கட்டடங்கள் உயர்ந்துவிட, 2012-ல் 634 மீட்டர் ஸ்கைட்ரீ வந்தது.

இங்கே கட்டுமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாய்வு அரை டிகிரி குறைந்தால் 14 கி.மீ.யில் விழ வேண்டிய கற்றை 28 கி.மீ.க்குப் போய்விடும். அதனால் கோபுரம் செங்குத்தாக நின்றால் மட்டும் போதாது, காற்றில் அதிகம் வளையவும் கூடாது. சிஎன் டவரின் கான்கிரீட் தண்டை, கான்கிரீட்டை வார்க்கும் அச்சு கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர நகர, இடைவிடாமல் ஊற்றி எழுப்பினார்கள். நேர் பார்க்க ஒளியியல் கருவிகளோடு நம் கொத்தனார் பயன்படுத்தும் அதே தூக்குக்குண்டும், பெரிய அளவில், உள்ளே தொங்கியது. ஒரு பக்கம் வெயில் பட்டாலே கான்கிரீட் தண்டு லேசாக வளையும் என்பதால், இப்படிப்பட்ட கோபுரங்களில் முக்கிய அளவுகளை வெயில் ஏறுமுன் எடுப்பார்கள்.

சரி, உங்கள் பூஸ்டருக்கு வருவோம். எஃப்எம் ஆன்டெனாக்கள் பெரியவை. பெரும்பாலும் உச்சிக்குக் கீழே பொருத்துவார்கள், டிவி அளவுக்குக் குவிக்கவும் மாட்டார்கள். எனவே உங்கள் மாடியில் எஃப்எம் அடை மழையாகக் கொட்டுகிறது. பூஸ்டர் அத்தனையையும் பெருக்கப் பார்த்துத் திணறி, இல்லாத கலப்பு அலைகளைத் தானே உண்டாக்கி டிவிக்கு அனுப்புகிறது. ஒரே நிலையம் மூன்று இடத்தில் கேட்பதும் ரேடியோ இப்படித் திணறுவதால்தான். விளக்கடியில் இருட்டு என்பார்கள். உங்களுக்கு அங்கே கண்ணே கூசுகிறது.

நள்ளிரவு விஷயம் இந்தச் சந்தேகத்தை வலுவாக்குகிறது. பராமரிப்பு ஆட்கள் ஆன்டெனா இருக்கும் மட்டத்துக்கு ஏறும்போது ஒளிபரப்பை நிறுத்த வேண்டும், அல்லது சக்தியைக் குறைக்க வேண்டும். பார்ப்பவர் குறைவான பின்னிரவில்தான் அது நடக்கும். பல கோபுரங்களில் ஆன்டெனா மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிந்திருக்கும். ஒன்றில் வேலை நடக்கும்போது மற்றது ஓடும். அப்போது சக்தி குறைகிறது, கற்றையின் வடிவமும் மாறுகிறது, உங்கள் டிவி பிழைத்துக்கொள்கிறது.

பூஸ்டரைக் கழற்றியதும் டிவி மெனுவில் சிக்னல் பலம், தரம் இரண்டையும் பாருங்கள். பலம் நிறைய, தரம் குறைவு என்றால் இன்னும் குறைக்க வேண்டும். சிக்னலை மட்டுப்படுத்தும் 10 டெசிபெல் அட்டனுவேட்டர் ஒன்றைக் கேபிளில் சேருங்கள். கட்டைவிரல் நீளத்தில் இருக்கும், விலையும் அதிகமில்லை. டிவிக்கு முன்னால் எஃப்எம் தடுப்பு ஃபில்டர் ஒன்றும் போடுங்கள். அப்புறம் ஆன்டெனாவைத் தொடுவானத்தைப் பார்க்க வைக்காமல் கோபுர உச்சியைப் பார்த்து நிமிர்த்துங்கள், எதிரடிகள் குறையும். கம்பிகள் படுக்கை வசமா, நிமிர்ந்த வசமா என்பதை அக்கம்பக்கத்தில் நன்றாக வரும் வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ரேடியோவுக்கு வைத்தியம் ஏரியலை உள்ளே தள்ளுவதுதான்.

உடம்பைப் பற்றி: இவை எக்ஸ்-ரே போல அணுக்களைச் சிதைக்கும் அயனியாக்கும் கதிர்வீச்சு அல்ல, பார்க்க வேண்டியது சூட்டைத்தான். எஃப்எம் அலைவரிசையில் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 2 வாட். ஆன்டெனா குவித்த பிறகு 100 கிலோவாட் பலம் கொண்ட கற்றை முழுவதும் உங்கள் வீட்டையே குறிவைத்தாலும் 600 மீட்டரில் 0.04 வாட்டுக்கும் குறைவாகவே வரும். தரை எதிரடிக்காக நான்கு மடங்காக்கினாலும் வரம்பில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது. உண்மையில் அந்தக் கற்றை உங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஆபத்து ஆன்டெனாவை ஒட்டி ஏறும் ஊழியர்களுக்குத்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட சேனல் மட்டும் உடைந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். "சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதாமல் எந்தச் சேனல், எந்த நாள், எத்தனை மணி, அட்டனுவேட்டர் போட்டபோது என்ன, போடாதபோது என்ன என்று குறியுங்கள். கோபுரத்தின் வேலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு அதுதான் தேவை.