பழைய கைக்கருவிகளை வைத்து மேசை விளக்கு செய்ய முடியுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

செய்யலாம். நான் ஏழு செய்திருக்கிறேன், அதில் இரண்டைப் பிரித்துப் போட்டுவிட்டேன். அந்த இரண்டும் கற்றுக்கொடுத்ததைத்தான் எழுதப் போகிறேன்.

இன்னும் வேலை செய்கிற கருவியை விளக்காக்காதீர்கள், பாவம். தகடு தொலைந்த இழைப்புளி, தாடை உடைந்த வைஸ், பிட்டை (துளை போடும் முனையை) பிடிக்காத கை டிரில் இருந்தால் போதும். வார்ப்பிரும்பு இழைப்புளி தன் எடையிலேயே அசையாமல் நிற்கும். கை டிரிலை நிறுத்த அடியில் கனமான மரக்கட்டை வேண்டும். அரம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். அது கடினப்படுத்திய எஃகு; துளை போடப் போனால் பிட் வழுக்கி ஓடி, முனை மழுங்குவதுதான் மிச்சம். வார்ப்பிரும்பில் கிராஃபைட் கலந்திருப்பதால் எண்ணெய் விடாமலே துளை விழும், கரித்தூள் மாதிரி கொட்டும். சுத்தியலால் மட்டும் தட்டிவிடாதீர்கள், விரிசல் விடும்.

முதலில் பிரித்தது ஒரு இழைப்புளி விளக்கு. துருவை எடுக்கிறேன் என்று ஆரம்பித்து, யாரோ பல வருடம் பிடித்துப் பிடித்துக் கருத்துப்போன மரப்பிடியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். நேற்று வாங்கியது போல ஆகிவிட்டது! இப்போதெல்லாம் துருப்பிடித்த இரும்பை மட்டும் கழற்றி ஒரு இரவு வினிகரில் போடுவேன். காலையில் பிரஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து உலர்த்தி மெழுகு பூசுவதோடு சரி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள்.

இரண்டாவது கதை கொஞ்சம் மோசம். துளையில் ரப்பர் புஷ் (வயர் விளிம்பில் உரசாமல் காக்கும் வளையம்) போடாமல் வயரை நுழைத்திருந்தேன், அதுவும் எர்த் இல்லாத இரண்டு இழை வயர். சில மாதத்தில் துளையின் விளிம்பு வயரின் தோலை அறுத்துவிட்டது. தூசி துடைக்கத் தொட்டேன், முழங்கை வரை சுரீர் என்றது.

அதிலிருந்து மூன்று இழை வயர்தான். எர்த்துக்கான பச்சை-மஞ்சள் வயரை இரும்போடு ஸ்க்ரூ போட்டு முடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிடுவேன். அப்புறம் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும், இன்னொன்றைக் கருவியின் ஒவ்வொரு உலோகப் பாகத்திலும் வைத்துப் பார்ப்பேன். ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் இணைப்பை மறுபடி கழற்றிப் பூட்டுவேன். வயரை இழுத்தால் அந்த இழுப்பு ஹோல்டர் வரை போகாதபடி அடியிலேயே கிளிப் போடவேண்டும். மின்வேலை பழக்கமில்லை என்றால், பிளக்கில் சொருகும் முன் எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பல்புக்கு 4 அல்லது 5 வாட் எல்இடி, 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் எடுங்கள். இரும்புக்கு அந்த நிறம்தான் பொருந்துகிறது.

இப்போது என் மேசையில் இருப்பது கை டிரில் விளக்கு. பல்சக்கரம் இன்னும் சுற்றும். வருகிறவர்கள் சுவிட்சைத் தேடாமல் நேரே கைப்பிடியைத்தான் சுற்றிப் பார்க்கிறார்கள். அதனால் வயரைச் சக்கரத்துக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோயிருக்கிறேன்.