சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

எங்கள் பூனைக்குச் சுகர். வீட்டிலேயே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். அப்பாவின் குளுக்கோமீட்டர் போதுமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

அது பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். நம் ரத்தச் சர்க்கரையில் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது; பூனைக்கு ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்மா என்கிற ரத்தத்தின் நீர்ப்பகுதியில்தான். பிராணிகளுக்கான மீட்டர் இந்தக் கணக்கைப் பார்த்துச் செய்தது. கட்டுப்படியாகவில்லை என்றால் அப்பாவுடையதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருநாள் டாக்டரிடம் கொண்டுபோய் அவர் எடுக்கும் அளவோடு ஒப்பிட்டு எழுதி வாங்குங்கள். பிறகு மீட்டரை மாற்றாதீர்கள். காதைத் துணி ஒற்றடத்தால் சூடாக்கி, ஓரத்து ரத்தக்குழாயில் குத்துங்கள். ஆஸ்பத்திரி பயத்தில் பூனைக்குச் சர்க்கரை எகிறும்; வீட்டில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

புதிது வாங்கினால் முதலில், ரத்தச் சொட்டை வைத்துப் பார்க்கும் ஸ்டிரிப்பின் விலையைக் கேளுங்கள். அம்மாவுக்காக மலிவாக ஒரு மீட்டர் வாங்கினேன். ஆறு மாதத்தில் அதன் ஸ்டிரிப் பாலக்காட்டிலும் இல்லை, பொள்ளாச்சியிலும் இல்லை. மீட்டர் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

ஸ்டிரிப்பை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?
- வாசகர், மீனாட்சிபுரம்

கூடாது. அதன் டப்பாவிலேயே, மூடி இறுக்கி.

கோயம்புத்தூர் கடையில் வாங்கிய ஸ்டிரிப் காலாவதியானது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பில் இருக்கிறது, மாற்றித் தர மறுக்கிறார்கள். நான் கேரளத்தில் இருப்பவன், எங்கே போவது?
- வாசகர், வேலந்தாவளம்

எங்கும் அலைய வேண்டாம் தம்பி. உங்கள்மேல் தப்பில்லை, காலாவதியானதை விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எழுதிக் கொடுங்கள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். டப்பாவைத் தொலைத்துவிடாதீர்கள்.

மெடிக்கலில் ‘சுகர் ஊசி’ என்று கேட்டேன், சிவப்பு மூடி போட்டதைத் தந்தார்கள். மருந்து கிளார்ஜின் இன்சுலின். 2 யூனிட் போட்டேன், பூனை தள்ளாடுகிறது.
- வாசகி, கோபாலபுரம்

இந்தப் பதிலுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடியிருப்பீர்கள் என்று நம்புகிறேன் அம்மா. இனி இப்படிச் சர்க்கரை இறங்கித் தள்ளாடினால் ஈறில் தேன் தடவிக்கொண்டே ஓடுங்கள்.

இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது: மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். முன்னதற்குச் சிவப்பு மூடி ஊசி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜின் 100. அதைச் சிவப்பு மூடி ஊசியில் 2 கோடு இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். நாலு கிலோ உடம்பு எப்படித் தாங்கும்? மருந்துப் புட்டியைப் பார்க்காமல் ஊசியை எடுத்து நீட்டும் கடைக்காரர்மேல்தான் என் கோபமெல்லாம். ‘எந்த இன்சுலினுக்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இனிமேல் புட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். ஊசியில் 100 என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பழைய மீட்டரும் பிரித்த ஸ்டிரிப் டப்பாவும் ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கினேன், பில் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், வாளையார்

பில் இல்லாமல் கஷ்டம். பிரித்த டப்பா என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்? அந்த ஸ்டிரிப்பை இன்றே குப்பையில் போடுங்கள். அது காட்டும் எண்ணை நம்பி ஊசி போடாதீர்கள்.