கழிவு என்று எழுதும்போது கை ஓடவில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 33. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் எடை மேடையில் சீட்டுப் போடும் வேலை. பெங்களூரா ரக மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் ராத்திரி வரைக்கும் டிராக்டரும் டெம்போவும் வரிசை கட்டி நிற்கும். லோடு வண்டி எடை, காலி வண்டி எடை இரண்டையும் கம்ப்யூட்டரே அடித்துவிடும், அதில் யாரும் கை வைப்பதில்லை. அழுகல், பிஞ்சு, இலை என்று கழிவு கழிப்பதை மட்டும் நான் கையால் எழுத வேண்டும். டன்னுக்கு 30 கிலோ என்றுதான் விவசாயிகளிடம் பேச்சு. இந்த சீசனில் மேனேஜர் 50 எழுதச் சொல்கிறார். பழம் முத்து முத்தாக இருந்தாலும் 50தான். யாராவது கேட்டால் “லேப்ல அப்படித்தான் வந்துச்சு” என்று சொல்லணுமாம். அந்த லோடு லேப் பக்கமே போயிருக்காது. எட்டு டன் லோடு என்றால் 160 கிலோ சும்மா போகிறது. என் அப்பாவும் சந்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர், மருந்தடிக்க வட்டிக்கு வாங்கும் ஆள். அதனால் 160 கிலோ என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் முதலாளி எங்கள் சபையின் மூப்பர் வேறு. சபைக்குக் கூரை போட்டுக் கொடுத்ததே அவர்தான். பாஸ்டரிடம் சொன்னேன். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படியணும், பாவம் உன் கணக்கில் வராது என்றார். ஜெபக்குழு அக்காவோ, “இன்னிக்கே வேலையை விடு, எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கலியா” என்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் ஓடுகிறது, கணவர் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். படுத்தால் வண்டி நம்பர்தான் கண்ணுக்குள் ஓடுகிறது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். போன ஞாயிறு திருவிருந்தில் அப்பம் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அநியாயமாய் வாங்கியதை பைபிளில் சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான், நான் எங்கே போவேன்? எனக்கு விசுவாசம் குறைவா, இல்லை பயந்தாங்கொள்ளியா?

பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

நான் ஆலோசகர், போதகர் இல்லை. ஆனால் நீங்கள் வசனத்தோடு வந்திருப்பதால் நானும் வசனத்தைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. தப்பு நடக்கிறது, அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, மனசு உறுத்துகிறது. உறுத்தாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஆனால் முடிந்துபோன ஒவ்வொரு வண்டியையும் ராத்திரி திரும்பத் திரும்ப எடை போடுவது வேறு விஷயம், அதில் ஒரு விவசாயிக்கும் ஒரு கிலோகூடத் திரும்பி வரப்போவதில்லை, உங்கள் உடம்புதான் கெடுகிறது. இந்த விஷயம் ஒரு வழிக்கு வந்த பிறகும் தூக்கம் வராமலே போனால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்து, உங்களுக்குக் கிடைத்த இரண்டு ஆலோசனைகள். பாஸ்டர் சொன்ன வசனம் கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்திலும் இருக்கிறது, சரிதான். அதே பேச்சு தொடர்ந்து நாலாம் அதிகாரம் முதல் வசனத்தில் எஜமான்களைப் பார்த்துத் திரும்பி, வேலைக்காரருக்கு நீதியாய்ச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார் என்கிறது. அதை மூப்பரிடம் யாராவது வாசித்துக் காட்டினார்களா? கூரை போட்டுக் கொடுத்தவரிடம் வாசிப்பது கஷ்டம்தான். அக்கா விஷயம் இன்னும் எளிது. கேரீத் ஆற்றண்டைக்குப் போ என்று கட்டளை வந்தது எலியாவுக்கு. உங்களுக்கு அப்படி எதுவும் வந்ததாகக் கடிதத்தில் இல்லை, அக்காவுக்குத்தான் வந்திருக்கிறது. கடன் தவணை தேதியில் பேங்க்காரர் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசுதான், ஆகவே கணக்குப் பார்ப்பதை அவிசுவாசம் என்று யாரும் உங்களிடம் சொல்ல வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்தும் இடம் லூக்கா மூன்றாம் அதிகாரம் என்று நினைக்கிறேன். வரி வசூலிக்கும் ஆயக்காரர்கள் யோவான்ஸ்நானனிடம் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். ஊரே வெறுத்த வேலை அது. விட்டுவிட்டு வா என்று அவன் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்கிறான், அவ்வளவுதான். வேலையில் இருந்துகொண்டே அந்த அதிகப்படியை மட்டும் நிறுத்தச் சொல்கிறான். உங்கள் கணக்கில் அந்த அதிகப்படி 20 கிலோ.

கழிவு கழிப்பதே பாவம் இல்லை. 50 கிலோ என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்டு 50 கழித்தால் அது வியாபாரம், கட்டுப்படியாகாத விவசாயி வேறு கம்பெனிக்கு வண்டியைத் திருப்பிக்கொள்வார். 30 என்று சொல்லி வரவழைத்து, வண்டி உள்ளே வந்தபின் 50 எழுதினால் அது திருட்டு. நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான். வரத்து ஓய்ந்த நேரமாகப் பார்த்து முதலில் மேனேஜரிடம் தனியாகப் போய், “கழிவு எவ்வளவுன்னு ஒரு போர்டு வைச்சிடுங்க சார், போர்டுல இருக்கறத எழுதறேன். லேப் பார்க்காத லோடுக்கு லேப் பேரைச் சொல்ல என்னால முடியாது” என்று சொல்லுங்கள். திருடன் என்கிற வார்த்தை வேண்டாம், பைபிள் வசனமும் வேண்டாம். அவர் கேட்காவிட்டால் மூப்பரிடம், அதுவும் கம்பெனியில், சபையில் வைத்து அல்ல. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனித்திருக்கையில் உணர்த்தச் சொல்லும் மத்தேயு 18 நல்ல நடைமுறை அறிவும்கூட, நாலு பேர் முன்னால் மானம் போன மனிதன் எதையும் திருத்திக்கொள்ள மாட்டான். முதலாளிக்கே தெரியாமல் மேனேஜர் செய்யும் வேலையாகவும் இருக்கலாம், அப்படியும் நடக்கும்.

இரண்டு பேரும் முடியாது என்றால்? அப்போது அந்த மேடையில் நீங்கள் நிற்க முடியாது. பேக்கிங், ஸ்டோர் என்று வேறு பக்கம் மாற்றிக் கேளுங்கள், பேசப் போகும் முன்பே வெளியிலும் வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் எடையும் கணக்கும் தெரிந்தவருக்குக் கிரானைட் யார்டிலும் கிடங்கிலும் இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. சம்பளம் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவை இப்போதே எழுதி வைத்துப் பாருங்கள், எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்தால் பயம் பாதி இறங்கும்.

சகேயு பற்றிக் கேட்டீர்கள். அவன் திருப்பிக் கொடுத்தது தன் பைக்கு வந்த பணத்தை. உங்கள் பைக்கு ஒன்றும் வரவில்லை. அப்பம் எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சியின் முடிவு, அதில் நான் நுழையவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பாஸ்டர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், அக்கா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரிடம் சொன்னீர்களா? தவணை இரண்டு பேர் சம்பளத்திலும் போகிறது. மேனேஜரிடம் போவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.