கலிஃபோர்னியா ஹைவே 1 கடற்கரைச் சாலையில் போகும்போது, காட்சிகளைத் தவிர வரலாற்றுக்காக நின்று பார்க்க வேண்டிய இடங்கள் எவை?

சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி இரண்டு நாளில் பத்திரிகை அதிபர் ஹர்ஸ்டின் மாளிகை வரை போகிறோம், கடலும் பாலமும் படத்தில் பார்த்தாயிற்று, அந்த இடங்களின் கதை தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இந்த சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் குடியிருப்பவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கடைசியில் இந்தச் சாலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். இரண்டு நாளையும் வழி நெடுகச் சமமாகப் பங்கு போடாதீர்கள். மான்டேரியிலிருந்து பாயின்ட் சர் வரை 30 மைல்கூட இருக்காது. கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கரைக்கு அந்தக் காலத்தில் யாரும் அழகு பார்க்க வரவில்லை. எதையாவது அள்ளிக்கொண்டு போகத்தான் வந்தார்கள். நீர்நாய்த் தோல், திமிங்கில எண்ணெய், மரம், சுண்ணாம்பு, கணவாய் மீன், மத்தி மீன் என்று ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று. எல்லாம் தீர்ந்தபின் மிஞ்சியதைத்தான் நாம் இன்றைக்கு வரிசையில் நின்று படம் பிடிக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் வழியில் இருக்கும் ஒவ்வொரு பலகைக்கும் அர்த்தம் வந்துவிடும்.

வடபகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பசிபிக்கா தாண்டியதும் வரும் டாம் லான்டோஸ் சுரங்கப்பாதை 2013-இல் திறந்தது. அதற்கு முன்பு சாலை, டெவில்ஸ் ஸ்லைடு என்ற சரிந்துகொண்டே இருக்கும் மலைச்சரிவின் விளிம்பில் போனது. கைவிட்ட அந்தப் பழைய சாலை இப்போது நடைபாதை. இதே கரையோரமாக சான் பிரான்சிஸ்கோவுக்கும் சாண்டா குரூஸுக்கும் இடையே ரயில் விடப் பார்த்தது ஓஷன் ஷோர் ரயில்வே. 1906 நிலநடுக்கத்தில் பலத்த அடி வாங்கி, இரு முனைகளையும் இணைக்காமலேயே 1920-இல் மூடிக்கொண்டது. பிஜன் பாயின்ட் கலங்கரை விளக்கம் 1872-இல் ஏற்றியது, 115 அடி உயரம். அந்த முனைக்குப் பெயர் புறாவிடமிருந்து வரவில்லை. 1853-இல் அங்கே உடைந்த ‘கேரியர் பிஜன்’ என்ற கப்பலிடமிருந்து வந்தது. ஐந்து நிமிடம் இறங்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். சாண்டா குரூஸில் குழந்தைகள் இருந்தால் 1924-ஆம் ஆண்டின் மர ரோலர் கோஸ்டரைக் காட்டாமல் தப்ப முடியாது. அது உங்கள் பாடு.

மான்டேரியில் எல்லோரும் நேரே கேனரி ரோவுக்குப் போவார்கள். நீங்கள் முதலில் துறைமுகத்தருகே உள்ள கஸ்டம் ஹவுஸுக்குப் போங்கள். கலிஃபோர்னியா மாநிலத்தின் வரலாற்றுச் சின்னங்களில் எண் 1 அதுதான். மெக்சிகோவின் ஆட்சியில் வெளிநாட்டுக் கப்பல்கள் இங்கே வரி கட்டிவிட்டுத்தான் மாட்டுத்தோலும் கொழுப்பும் ஏற்றிக்கொண்டு போக முடியும். 1846 ஜூலை 7-ஆம் தேதி அமெரிக்கக் கடற்படை இங்கே கொடியேற்றி கலிஃபோர்னியாவைத் தன்னுடையது என்று அறிவித்தது. இங்கிருந்து சற்று நடந்தால் கோல்ட்டன் ஹால். 1849-இல் மாநிலத்தின் முதல் அரசியலமைப்பை எழுதியது அந்த மாடியில். இன்னொரு வேடிக்கை: 1818-இல் இப்போலித் பூஷார் என்பவர் அர்ஜென்டினாவின் பெயரால் கப்பலில் வந்து ஊரைச் சூறையாடி, சில நாட்கள் அந்நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டார். ஸ்பெயின், மெக்சிகோ, அமெரிக்கா தெரியும்; இங்கே அர்ஜென்டினாவும் ஆண்டது என்று சொன்னால் பந்தயம் கட்ட ஆள் கிடைக்கும்.

கேனரி ரோவின் பழைய பெயர் ஓஷன் வியூ அவென்யூ. ஜான் ஸ்டைன்பெக்கின் நாவல் 1945-இல் வந்து புகழ்பெற்ற பிறகு, 1958-இல் நாவலின் பெயரையே தெருவுக்கு வைத்தார்கள். அதற்குள் தெரு காலியாகிக்கொண்டிருந்தது. மத்தி மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக இருந்த இடம் இது. போர்க்காலத்தில் உச்சத்தில் இருந்த மத்தி வரத்து 1940-களின் இறுதியில் படுத்துவிட்டது. அளவில்லாமல் பிடித்ததும் கடல் நீரின் போக்கு மாறியதும் சேர்ந்து செய்த வேலை. இன்றைய மான்டேரி பே அக்வேரியம் 1984-இல் திறந்தது. ஹோவ்டன் என்ற ஆலை நின்ற இடம் அது. பழைய கொதிகலன்களை உள்ளே அப்படியே வைத்திருக்கிறார்கள். மீன் பார்க்கும் அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அக்வேரியத்துக்கு அடுத்து மேற்கே ஸ்டான்ஃபோர்டின் ஹாப்கின்ஸ் கடலாய்வு நிலையம் இருக்கிறதே, அந்த நிலத்தில்தான் பாயின்ட் அலோன்ஸ் என்ற சீன மீனவர் கிராமம் இருந்தது. 1850-களிலேயே வந்து குடியேறியவர்கள். பகலில் மற்ற மீனவர்களோடு போட்டி முற்றியதும் இவர்கள் இரவுக்கு மாறினார்கள். படகில் தீப்பந்தம் ஏற்றி, வெளிச்சத்துக்கு மேலே வரும் கணவாயை வலையில் அள்ளி, கரையில் காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். கணவாய்க் கருவாட்டு நாற்றம் பக்கத்து விடுதி விருந்தினர்களுக்குப் பிடிக்கவில்லை, நில உரிமையாளரான கம்பெனிக்கும் இடம் வேண்டியிருந்தது. 1906 மே 16-ஆம் தேதி கிராமம் எரிந்தது. மீண்டும் கட்டிக்கொள்ள அவர்களை விடவில்லை. பசிபிக் குரோவ் நகர மன்றம் இதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2022-இல்தான். இந்த ஊரில் ஒரே ஒரு இடத்தில் நிற்க நேரம் இருந்தால், ஸ்டைன்பெக் சிலையை விட்டுவிட்டு இங்கே நில்லுங்கள் என்பேன்.

கார்மெல் மிஷனில், அதாவது ஸ்பானியப் பாதிரிகள் பழங்குடியினரை மதம் மாற்ற அமைத்த தேவாலயக் குடியிருப்பில், அந்தப் பாதிரிகளின் தலைவர் ஹூனிபெரோ செர்ராவின் கல்லறை இருக்கிறது. 1784-இல் இங்கேயே இறந்தார். 2015-இல் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பழங்குடிச் சந்ததியினர் பலர் எதிர்த்தார்கள். மிஷன்களில் அடைபட்டு உழைத்து, நோயில் மாண்ட தங்கள் முன்னோரை அவர்கள் மறக்கவில்லை. உள்ளே அலங்காரங்களைப் பார்த்துவிட்டு வெளியே இடுகாட்டுப் பக்கம் போனால், கல்லறைகளில் அபலோனி என்ற கடல் நத்தையின் ஓடுகள் பதித்திருப்பதைக் காண்பீர்கள். ருமிசென், எசலன் பழங்குடி மக்கள் அங்கே புதைந்திருக்கிறார்கள். நிலம் முழுதும் பறிபோன எசலன் மக்கள் 2020-இல் கார்மெலுக்குத் தெற்கே பிக் சர் என்ற மலைக்கரைப் பகுதி அருகே சுமார் 1,200 ஏக்கரைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள்.

அந்த அபலோனி ஓடு உங்களை நேரே பாயின்ட் லோபோஸுக்குக் கொண்டுபோகும். கார்மெலுக்குத் தெற்கே சில மைலில் இருக்கும் மாநில இயற்கைக் காப்பகம். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் மணிமகுடம் இதுதான். அங்கே வேலர்ஸ் கோவ் என்ற சிறு குடாவில் ஒரு மரக்குடில் நிற்கிறது. 1850-களில் சீன மீனவர்கள் கட்டியது. அடித்தளத்துக்குக் கீழே திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டுகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 1860-களில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியர் இந்தக் குடாவில் திமிங்கிலத்தை இழுத்து வந்து கொழுப்பு காய்ச்சினார்கள். பிறகு 1890-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து கென்னோசுகே கொதானி வந்தார். இந்த நீரின் குளிரில் மூச்சடக்கி மூழ்குவது நடக்காது என்று தெரிந்ததும், இரும்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட உடையில் ஆட்களை இறக்கினார். நில உரிமையாளர் அலெக்சாண்டர் ஆலனோடு கூட்டுச் சேர்ந்து அபலோனியைத் தகரத்தில் அடைக்கும் ஆலை நடத்தினார். இன்று கலிஃபோர்னியாவில் கடலிலிருந்து அபலோனி எடுக்கவே தடை. வணிகத்துக்கு 1997-இல் மூடினார்கள், பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கும் 2018-லிருந்து இல்லை.

ஆலனைப் பற்றி இன்னொரு வரி. 1890-இல் இந்த இடத்தை மனைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். நம்மூர் லேஅவுட் நோட்டீஸ் மாதிரி விளம்பரம், வரைபடம் எல்லாம் உண்டு. பின்னால் நிலத்தை வாங்கிய ஆலனும் அவர் மனைவியும் விற்றுப்போன மனைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார்கள். அதனால்தான் 1933-இல் மாநிலத்தின் கைக்கு முழு நிலமாக வந்தது. இந்தக் கரையில் அள்ளாமல் விட்டுவைத்தவர்களும் இருந்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி. வாகன நிறுத்தம் சிறியது. காலையில் சீக்கிரம் போனால்தான் உள்ளே விடுவார்கள்.

இனி சாலையின் கதை. 1894-இல் ‘லாஸ் ஏஞ்சலஸ்’ என்ற கப்பல் பாயின்ட் சர் அருகே உடைந்தது. மான்டேரி மருத்துவர் ஜான் ராபர்ட்ஸ் குதிரை வண்டியில் மலைப்பாதையில் விழுந்தடித்துப் போய்ச் சேர்ந்தார். இங்கே ஒரு சாலை வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு விழுந்தது. 1897-இல் சான் லூயிஸ் ஒபிஸ்போ வரை நடந்தே போய் வரைபடம் போட்டார். 50,000 டாலரில் முடித்துவிடலாம் என்று கணக்கும் கொடுத்தார். வேலை தொடங்கியது 1919-இல், சாலை திறந்தது 1937-இல். செலவு அவர் கணக்கைப் போல் பல மடங்கு.

வெட்டியவர்களில் பெரும்பங்கு சான் குவென்டின் சிறைக் கைதிகள். நாளுக்கு 35 சென்ட் கூலி, தண்டனைக் காலத்தில் கழிவு. மலையை வெடிவைத்துத் தகர்த்து, பாறையை அப்படியே கடலில் தள்ளினார்கள். நீங்கள் ஏசி போட்டுக்கொண்டு வளைந்து வளைந்து போகும் அந்த விளிம்புகளில் கயிற்றில் தொங்கி வேலை பார்த்தவர்களுக்குச் சாலையோரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தச் சாலையின் புகழ்பெற்ற பாலத்துக்கோ பிக்ஸ்பி என்ற மர வியாபாரியின் பெயர்.

பிக்ஸ்பி பாலம் 1932-இல் முடிந்தது. நீளம் 714 அடி, ஓடையிலிருந்து உயரம் 260 அடிக்கு மேல். இரும்பு கடலின் உப்புக் காற்றுக்குத் தாங்காது, பராமரித்து மாளாது என்று கான்கிரீட்டைத் தேர்ந்தார்கள். பாலம் தயாரானபோது தெற்கே சாலை முடிய இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ரெட்வுட் மரமும், தோல் பதனிட ஓக் பட்டையும், மேலே காளவாயில் சுட்ட சுண்ணாம்பும் போயின. துறைமுகம் கிடையாது, பாறை மேலிருந்து கம்பி கட்டித் தொங்கவிட்டே கப்பலில் இறக்கினார்கள். சாலை திறந்த மறு வருடம், 1938-இல், இந்த ஓடை கடலில் சேரும் இடத்தருகே சுமார் 50 கடல் நீர்நாய்கள் கூட்டமாக மிதப்பதைக் கண்டார்கள். தோலுக்காக வேட்டையாடி இந்தக் கரையில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று உலகம் நம்பியிருந்த நேரம். இன்று கலிஃபோர்னியாவில் இருக்கும் ஏறத்தாழ 3,000 நீர்நாய்களும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. பாலத்தைப் படம் எடுத்த கையோடு கீழே கெல்ப் பாசிக்குள் கொஞ்சம் தேடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று மல்லாந்து கிடக்கும்.

பாயின்ட் சர் கலங்கரை விளக்கம் 1889-இல் ஏற்றியது. 361 அடி எரிமலைப் பாறையின்மேல் தனியாக நிற்கும். குறிப்பிட்ட நாட்களில் வழிகாட்டியோடு மட்டுமே ஏற முடியும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 1935 பிப்ரவரி 12-ஆம் தேதி இதற்கெதிரே ‘மேக்கன்’ என்ற, வாயு நிரப்பிய கடற்படை வான்கப்பல் புயலில் வால் சிதைந்து கடலில் விழுந்தது. 785 அடி நீளம்; வயிற்றுக்குள் சிறு விமானங்களை வைத்துக்கொண்டு, பறந்தபடியே வெளியே விட்டு மீண்டும் கொக்கியில் மாட்டும். இறந்தவர்கள் இருவர்தான். பின்னாளில் ஒரு மீனவர் வலையில் சிக்கிய அதன் உலோகத் துண்டு மாஸ் லேண்டிங்கில் ஓர் உணவகச் சுவரில் தொங்கியது. மேக்கனின் கடைசித் தளபதியின் மகள் அதைப் பார்த்து அடையாளம் கண்டார். அந்தத் துப்பைப் பிடித்துப் போய், 1990-இல் சுமார் 1,500 அடி ஆழத்தில் வான்கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். மவுன்டன் வியூவில் 101 நெடுஞ்சாலை வழியாக வேலைக்குப் போகும் நம் ஆட்கள் தினமும் பார்க்கும் அந்தப் பிரம்மாண்டமான ஹேங்கர் ஒன் இந்த மேக்கனுக்காகக் கட்டியதுதான்.

அதற்குத் தெற்கே மக்வே அருவியில் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். 80 அடி அருவி முன்பு நேரே கடலில் விழுந்தது. 1980-களின் தீயும் மண்சரிவும் கொண்டுவந்து கொட்டிய மண்தான் இப்போது தெரியும் மணல் திட்டு. ஹர்ஸ்ட் மாளிகையைப் பற்றி அவர்களே போதுமான அளவு சொல்வார்கள். அதைக் கட்ட ஏறத்தாழ 28 ஆண்டு உழைத்த கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கன் ஒரு பெண் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு போங்கள். ஹர்ஸ்டின் தனி மிருகக்காட்சிச் சாலையில் இருந்த வரிக்குதிரைகளின் வாரிசுகள் இன்றும் சாலையோரப் புல்வெளியில் மாடுகளோடு மேயும்.

கிளம்புமுன் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் இணையதளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். 2017-இல் மட் கிரீக் சரிவு விழுந்து, அந்தப் பகுதி திறக்க 2018 ஜூலை ஆயிற்று. 2023 தொடங்கி பால்ஸ் ஸ்லைடு, ரீஜென்ட்ஸ் ஸ்லைடு என்ற சரிவுகளால் மறுபடியும் நெடுநாள் அடைத்திருந்தார்கள். கார்மெலிலேயே பெட்ரோல் நிரப்புங்கள், வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குப் பிறகு சிக்னலை நம்ப முடியாது. கோடையில் காலை முழுக்கப் பனிமூட்டம் இருக்கும், செப்டம்பர், அக்டோபர் நல்லது. வடக்கிலிருந்து தெற்கே ஓட்டினால் கடல் உங்கள் பக்கம், நிறுத்துவதும் எளிது. ஒருவேளை தெற்கே அடைத்திருந்தால் வருத்தப்படாதீர்கள். முதல் இரவு மான்டேரியில் தங்கி, விடிந்ததும் பாயின்ட் லோபோஸ், பிறகு பிக்ஸ்பி, பாயின்ட் சர் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பிவிடுங்கள். ஹர்ஸ்ட் மாளிகைக்கு 101 வழியாக இன்னொரு நாள் போகலாம்.